சிறுவர்களில் தொண்டை அழற்சி

சிறுவர்களில் தொண்டை அழற்சி என்பது குழந்தைகளுக்கும் பள்ளிச் சிறுவர்களுக்கும் தொண்டையின் பின்சுவரிலும் அதன் இருபுறமும் உள்ள டான்சில் எனப்படும் அடிநாச்சதைகளிலும் ஏற்படும் அழற்சியாகும். தொண்டை வலி, விழுங்குவதில் துன்பம், காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியன இதன் பொதுவான அறிகுறிகள். பேச்சு வழக்கில் தொண்டை வலி, தொண்டைக்கட்டு, தொண்டைப்புண் எனப் பலவாறு இது அழைக்கப்படுகிறது.

இந்நோயைத் தோற்றுவிப்பவை பெரும்பாலும் தீநுண்மங்கள் எனவும் அழைக்கப்படும் வைரஸ்கள் ஆகும். எஞ்சிய சிறு பகுதிக்குப் பாக்டீரியாக்கள் காரணமாகின்றன. வைரஸ்களால் வரும் தொண்டை அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளால் அதற்குப் பயனில்லை. ஆனால் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் அழற்சிக்கு உரிய சிகிச்சை அளிக்கப்படாவிடில், சில சிறுவர்களில் அது வாதக் காய்ச்சலாக மாறி இதய அடைப்பிதழ்களை நிரந்தரமாகச் சிதைக்கக்கூடும். ஆகவே, வலி ஒன்றாகத் தோன்றினும் அதன் காரணம் எது என அறிவதே இந்நோயில் முதன்மையானதாகும்.

இக்கட்டுரை இந்நோயின் காரணிகளையும், அவற்றை வேறுபடுத்தி அறியும் முறைகளையும், சிகிச்சையையும் விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சூழல் பற்றித் தனிப் பகுதி ஒன்று இறுதியில் உள்ளது.

தொண்டையின் அமைப்பு

வாயைத் திறந்து நாக்கைத் தாழ்த்திப் பார்த்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இருபுறமும் பாதாம்பருப்பு வடிவில் காணப்படுபவை அடிநாச்சதைகள். இவை நிணநீர்த் திசுவால் ஆனவை. மூச்சுக் காற்றுடனும் உணவுடனும் உள்ளே வரும் கிருமிகளை எதிர்கொண்டு, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு அவற்றை அடையாளம் காட்டுவது இவற்றின் பணி. சிறு வயதில் இவை இயல்பாகவே பெரிதாக இருக்கும். வளரிளம் பருவத்தில் சுருங்கத் தொடங்கும். எனவே காய்ச்சலோ வலியோ இல்லாத குழந்தையின் அடிநாச்சதை பெரிதாகத் தெரிவது மட்டுமே நோயாகாது.

கிருமிகள் இத்திசுக்களைத் தாக்கும்போது குருதியோட்டம் மிகுந்து சிவப்பும் வீக்கமும் உண்டாகின்றன. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் விழுங்கும்போது வலிக்கிறது. தொண்டையிலிருந்து நிணநீர் வடியும் கணுக்கள் தாடைக்குக் கீழும் கழுத்தின் முன்பக்கத்திலும் உள்ளன. அவை வீங்குவதையே நெறி கட்டுதல் என்கின்றனர். காதின் கீழும் கன்னத்திலும் வீங்கும் பொன்னுக்கு வீங்கி, உமிழ்நீர்ச் சுரப்பியைத் தாக்கும் வேறொரு நோயாகும்.

வைரஸ் காரணிகள்

சிறுவர்களின் தொண்டை அழற்சிக்குக் காரணமாகும் முக்கிய வைரஸ்கள் பின்வருமாறு:

- ரைனோ வைரஸ், கொரோனா வைரஸ்கள்: சாதாரணச் சளியுடன் வரும் இலேசான தொண்டை வலிக்கு இவையே பெரும்பாலும் காரணம். மூக்கொழுகல், தும்மல், இருமல் ஆகியன உடன் காணப்படும். கோவிட்-19 நோயை உண்டாக்கும் வைரஸும் கொரோனா வகையைச் சேர்ந்ததே.
- அடினோ வைரஸ்: கடும் காய்ச்சலுடன் கண்கள் சிவப்பது இதன் தனி அடையாளம். அடிநாச்சதையில் வெண்படலம் தோன்றுவதால் பாக்டீரியா நோய் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு.
- இன்ஃபுளுவென்சா வைரஸ்: திடீர்க் காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல் ஆகியவற்றுடன் தொண்டை வலியும் வரும்.
- காக்சாக்கி உள்ளிட்ட குடல் வைரஸ்கள்: அண்ணத்தின் பின்பகுதியில் சிறு கொப்புளங்களையும் புண்களையும் உண்டாக்குகின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்கள் தோன்றினால் அது கை, கால், வாய் நோய் எனப்படும். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பரவித் தக்காளிக் காய்ச்சல் எனப் பேசப்பட்ட நோய் இவ்வகையைச் சார்ந்ததே.
- எப்ஸ்டீன்-பார் வைரஸ்: வளரிளம் பருவத்தினரிடம் வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், சோர்வு, கழுத்தின் பின்புற நெறிகள், மண்ணீரல் வீக்கம் ஆகியவற்றை உண்டாக்குகிறது. இந்நோயாளருக்கு அமாக்சிசிலின் கொடுத்தால் உடலெங்கும் தடிப்புகள் தோன்றக்கூடும்.
- தட்டம்மை வைரஸ்: தடிப்புகள் தோன்றுமுன் காய்ச்சல், இருமல், கண் சிவத்தல், தொண்டை வலி ஆகியன வரும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொண்டை அழற்சி ஏறத்தாழ முழுவதும் வைரஸ்களால் வருவதே.

பாக்டீரியாக் காரணிகள்

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்பது இதன் அறிவியற்பெயர். நுண்நோக்கியில் மணிகளைக் கோத்த சரம் போலத் தோன்றும் உருண்டைப் பாக்டீரியா இது. 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர்களே இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். இவ்வயதினரில் தொண்டை வலியுடன் மருத்துவரிடம் வருவோரில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் எனப் பாடநூல்கள் கூறுகின்றன. பெரியவர்களில் இது 5 முதல் 15 விழுக்காடு.

கிருமி உட்புகுந்த 2 முதல் 5 நாட்களில் நோய் வெளிப்படும். தொண்டை வலி திடீரெனத் தொடங்கும். காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, வாந்தி ஆகியன சிறுவர்களிடம் உடன் தோன்றுவதுண்டு. அடிநாச்சதை வீங்கிச் சீழ்ப்புள்ளிகள் காணப்படும். மேலண்ணத்தில் சிவந்த சிறு புள்ளிகள் தோன்றலாம். இருமலும் மூக்கொழுகலும் பொதுவாக இரா. இப்பாக்டீரியாவின் சில இனங்கள் வெளியிடும் நச்சுப்பொருளால் தோல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகிச் சிவந்தால் அது ஸ்கார்லெட் காய்ச்சல் எனப்படும்.

நலமாக உள்ள பள்ளிச் சிறுவர்கள் சிலரின் தொண்டையிலும் இப்பாக்டீரியா தீங்கின்றி வாழ்வதுண்டு. இவர்கள் கிருமி தாங்கிகள் எனப்படுவர். இவர்களுக்குச் சளி பிடித்திருக்கும்போது சோதித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தென்படும்; ஆனால் அப்போதைய வலிக்குக் காரணம் வைரஸாகவே இருக்கும். நோயறிதலில் குழப்பம் தரும் நிலை இது.

தொண்டை அடைப்பான்

டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பானை உண்டாக்குவது கோரினிபாக்டீரியம் டிப்தீரியே என்னும் பாக்டீரியா. தொண்டையில் சாம்பல் நிறத் தடித்த படலம் படரும். அதனைப் பெயர்க்க முயன்றால் குருதி கசியும். படலம் மூச்சுக்குழலை அடைத்தால் மூச்சுத்திணறி உயிரிழப்பு நேரலாம். பாக்டீரியா வெளியிடும் நச்சு குருதியில் கலந்து இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்குகிறது. கழுத்து இருபுறமும் வீங்கி எருதின் கழுத்துப் போலத் தோன்றுவது கடுமையான நோயின் அடையாளம்.

பிற பாக்டீரியாக்கள்

சி, ஜி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள், மைக்கோபிளாஸ்மா, ஆர்க்கனோபாக்டீரியம் ஆகியனவும் சில வேளைகளில் தொண்டை அழற்சியை உண்டாக்குகின்றன. ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி வகைப் பாக்டீரியா குரல்வளை மூடியைத் தாக்கிச் சில மணி நேரத்தில் மூச்சை அடைக்க வல்லது. இதற்கான தடுப்பூசி பரவலான பின் இந்நிலை அரிதாகிவிட்டது.

கிருமி சாராத காரணங்கள்

புகை, பஞ்சுத்தூசி, வறண்ட காற்று, ஒவ்வாமை, வாயால் மூச்சு விடுதல், உரத்துக் கத்துதல் ஆகியவற்றாலும் தொண்டை கரகரக்கும். இவற்றில் காய்ச்சல் இராது. குளிர்ந்த நீர், பனிக்கூழ், மழையில் நனைதல் ஆகியனவே தொண்டை அழற்சிக்குக் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. கிருமி இல்லாமல் இவற்றால் மட்டும் தொற்றுநோய் வருவதில்லை.

பரவும் முறை

இக்கிருமிகள் பெரும்பாலும் இருமல், தும்மல், பேச்சு ஆகியவற்றின்போது தெறிக்கும் நுண்துளிகள் வழியாகவும், கைகள், பொதுவாகப் பயன்படுத்தும் குவளைகள், துண்டுகள் வழியாகவும் பரவுகின்றன. நெருக்கமான வகுப்பறைகளும், பலர் ஒரே அறையில் உறங்கும் வீடுகளும், விடுதிகளும் பரவலுக்கு ஏற்றவை. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தால் உடன்பிறந்தோர்க்கும் வரக்கூடும். நுண்ணுயிர் எதிர்ப்பி தொடங்கி ஏறத்தாழ 24 மணி நேரம் ஆனபின் பிறருக்குப் பரவும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

காய்ச்சாத பால் வழியாகவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பரவியதுண்டு. 1911ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெருமளவில் பரவிய தொண்டை நோய்க்குப் பாலே காரணம் எனக் கண்டறியப்பட்டது. பாலைக் கொதிக்க வைத்தால் இக்கிருமி அழிந்துவிடும். வீடுகளில் பாலைக் காய்ச்சிக் குடிக்கும் தமிழ்நாட்டு வழக்கம் இவ்வகையில் பாதுகாப்பானது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயர்பெற்ற பால்கோவாவும் பாலை நெடுநேரம் கொதிக்க வைத்துச் சுண்டச் செய்வதே. எனினும், காய்ச்சிய பின் கையாளுவோரின் கைகள் தூய்மையாக இருத்தல் வேண்டும்.

வேறுபடுத்தி அறிதல்

தொண்டையைப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தை உறுதியாகக் கூறுதல் அனுபவமிக்க மருத்துவருக்கும் இயலாது. எனினும் சில குறிகள் துணை செய்கின்றன.

வைரஸைச் சுட்டும் குறிகள்: மூக்கொழுகல், இருமல், குரல் கம்முதல், கண் சிவத்தல், வாய்ப்புண்கள், வயிற்றுப்போக்கு.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சுட்டும் குறிகள்: திடீர்த் தொடக்கம், 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், இருமல் இன்மை, கழுத்தின் முன்பக்கத்தில் தொட்டால் வலிக்கும் நெறிகள், அடிநாச்சதையில் வீக்கம் அல்லது சீழ்ப்புள்ளிகள்.

இக்குறிகளுள் நான்கைக் கொண்டு அமெரிக்க மருத்துவர் இராபர்ட் சென்டர் 1981ஆம் ஆண்டில் பெரியவர்களுக்கான மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். கனடாவைச் சேர்ந்த மக்ஐசக் 1998ஆம் ஆண்டில் அதில் வயதையும் சேர்த்துச் சிறுவர்க்கும் பொருந்துமாறு திருத்தினார். காய்ச்சல், இருமல் இன்மை, வலிக்கும் நெறிகள், அடிநாச்சதை வீக்கம் ஆகியவற்றுக்குத் தலா ஒரு மதிப்பெண். 3 முதல் 14 வயது வரையுள்ளோர்க்குக் கூடுதலாக ஒன்று. மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதிதான். எனவே இம்முறை யாரைச் சோதிக்க வேண்டும் என முடிவு செய்ய உதவுமேயன்றி, நோயை உறுதி செய்யாது.

உறுதி செய்யும் சோதனைகள் இரண்டு. ஒன்று, பஞ்சு சுற்றிய குச்சியால் அடிநாச்சதைகளையும் தொண்டையின் பின்சுவரையும் தடவி எடுத்து, குருதி கலந்த ஊடகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. இதற்கு 24 முதல் 48 மணி நேரம் ஆகும். மற்றொன்று விரைவு எதிர்ப்பொருளூக்கிச் சோதனை. இதன் முடிவு சில நிமிடங்களில் தெரியும். கிருமி உண்டு என இது காட்டினால் பெரும்பாலும் நம்பலாம். இல்லை எனக் காட்டினால் சிறுவர்களில் வளர்ப்புச் சோதனையும் செய்வது நல்லது. குருதியில் ஏஎஸ்ஓ அளவைப் பார்க்கும் சோதனை அண்மையில் வந்துபோன தொற்றைக் காட்டுவதாகும். வாதக் காய்ச்சலை ஆராயும்போது அது பயன்படும்; அன்றைய தொண்டை வலிக்குக் காரணம் கண்டறிய அது உதவாது.

பின்விளைவுகள்

அடிநாச்சதையைச் சுற்றிச் சீழ்க்கட்டி, நடுக்காது அழற்சி, எலும்புப் புழை அழற்சி ஆகியன தொண்டையிலிருந்து கிருமி அருகே பரவுவதால் வருவன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று நீங்கிய பின் உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன் உறுப்புகளையே தாக்குவதால் வருவன இரண்டு.

வாதக் காய்ச்சல்

தொண்டை வலி வந்து ஏறத்தாழ 2 முதல் 3 வாரங்களுக்குப் பின் வாதக் காய்ச்சல் தொடங்குகிறது. பெரும்பாலும் அப்போது தொண்டை வலி மறந்தே போயிருக்கும். முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி வலிக்கும். சிலருக்குக் கைகால்கள் தம்மையறியாமல் அசையும். மூட்டு வலி தழும்பின்றி நீங்கிவிடும். ஆனால் இதயத்தின் அடைப்பிதழ்களில், குறிப்பாக ஈரிதழ் அடைப்பிதழில், ஏற்படும் பழுது நிலைத்துவிடலாம். ஒவ்வொரு புதிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றும் அப்பழுதை மிகுவிக்கும். பல ஆண்டுகளுக்குப் பின் மூச்சிரைப்பாகவோ, பெண்களுக்குக் கருவுற்ற காலத்து இதயச் செயலிழப்பாகவோ அது வெளிப்படும்.

சிகிச்சை பெறாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சியில் வாதக் காய்ச்சல் வருவது, கொள்ளை நோயாகப் பரவும் காலங்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு எனவும், பிற காலங்களில் அதனினும் மிகக் குறைவு எனவும் கணக்கிடப்பட்டுள்ளது. தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் தொடங்கினாலும் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். எனவே சோதனை முடிவுக்காக ஓரிரு நாட்கள் காத்திருப்பதால் தீங்கில்லை.

சிறுநீரக அழற்சி

ஏறத்தாழ 10 நாட்களுக்குப் பின் முகமும் கால்களும் வீங்கி, சிறுநீர் குறைந்து, தேநீர் வடிநீர் நிறத்தில் போவது சிறுநீரக வடிமுடிச்சு அழற்சியின் அடையாளம். தோலில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சிரங்குகளுக்குப் பின்னும் இது வரும். சிறுவர்களில் பெரும்பாலோர் இதிலிருந்து முழுமையாகத் தேறிவிடுகின்றனர்.

இந்தியாவில் நிலைமை

2015ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி உலகில் 3 கோடியே 34 இலட்சம் பேர் வாதக் காய்ச்சல் சார்ந்த இதய நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் இந்தியாவில் இருந்தனர். 2018ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை இந்நோயைக் கட்டுப்படுத்தத் தீர்மானம் நிறைவேற்றியது.

சண்டிகர் அருகே நகர்ப்புறத்தை ஒட்டிய பகுதியில் பள்ளி வயதுச் சிறுவர்களை ஓராண்டு தொடர்ந்து கண்காணித்த ஆய்வு ஒன்று 2001ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளியானது. ஒரு சிறுவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏழு முறை தொண்டை வலி வந்ததாகவும், அவற்றுள் ஏறத்தாழ ஒன்று மட்டுமே ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்ததாகவும் அது கண்டது. ஒவ்வொரு தொண்டை வலிக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுத்தால் ஏழில் ஆறு முறை அது வீண் என்பதும், எதற்குமே கொடுக்காவிடில் ஆண்டுக்கு ஒருமுறை ஆபத்துக்கு இடமளிக்கிறோம் என்பதும் இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகளாக இத்துறையில் ஆய்வு செய்து வருகிறது. 2001–2002இல் வேலூர்ப் பகுதியின் ஊரகப் பள்ளிச் சிறுவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது, வாதக் காய்ச்சல் சார்ந்த இதய நோய் 1000 பேரில் 0.68 என்ற அளவில் காணப்பட்டது. முந்தைய காலத்தை நோக்க இது குறைவாகும். வாழ்க்கை வசதி மேம்பாடு, வீட்டு நெருக்கடி குறைதல், மருத்துவ வசதி பெருகுதல் ஆகியன இத்தகைய குறைவுக்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. எனினும் நோய் மறைந்துவிடவில்லை.

தொண்டை அடைப்பானும் அவ்வாறே. தடுப்பூசியால் பெரிதும் குறைந்துவிட்ட இந்நோய், 2016ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் மீண்டும் பரவியது. தடுப்பூசி பெறாதோரும் முழுமையாகப் பெறாதோரும் மிகுந்த இடங்களில் இந்நோய் திரும்பி வரும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

சிகிச்சை

வைரஸால் வரும் அழற்சிக்கு ஓய்வு, போதிய நீர், மென்மையான உணவு, குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் ஆகியன போதும். கொப்பளித்துத் துப்பத் தெரிந்த சிறுவர்கள் வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிக்கலாம். பனங்கற்கண்டு சேர்த்த வெந்நீர், சுக்கு நீர், துளசி நீர் முதலிய வீட்டு வழக்கங்கள் தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் அவை கிருமியை நீக்கும் மருந்துகள் அல்ல. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் கூடாது. சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தலும் தவிர்க்கப்பட வேண்டும்.

இருமல் மருந்துகளில் தனிக் கவனம் தேவை. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்த இருமல் மருந்தை உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அதனைத் தொடர்ந்து நடுவண் அரசின் சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கவோ வழங்கவோ கூடாது எனவும், ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குப் பொதுவாக அவை தேவையில்லை எனவும் அறிவுறுத்தியது.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் முதன்மை மருந்து. இவற்றை வாய்வழியாக 10 நாட்கள் உட்கொள்ள வேண்டும். அல்லது பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒருமுறை போதும். இரண்டு மூன்று நாட்களில் வலியும் காய்ச்சலும் நீங்கிவிடுவதால் பலர் மருந்தை இடையில் நிறுத்திவிடுகின்றனர். தொண்டையிலிருந்து கிருமி முற்றிலும் நீங்கவே 10 நாட்கள் விதிக்கப்பட்டுள்ளது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளோர்க்கு மருத்துவர் வேறு மருந்தைத் தேர்வு செய்வார். பல பத்தாண்டுகள் பயன்படுத்திய பின்னும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெனிசிலினை எதிர்க்கும் ஆற்றலைப் பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மாறாக, அசித்ரோமைசின் வகை மருந்துகளை எதிர்க்கும் இனங்கள் பல நாடுகளில் தோன்றியுள்ளன.

வாதக் காய்ச்சல் ஒருமுறை வந்த சிறுவருக்குப் பென்சத்தீன் பெனிசிலின் ஊசியை 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து போட வேண்டும். இதயம் பாதிக்கப்படாதோர்க்கும் இது குறைந்தது 5 ஆண்டுகள் தொடரும். இதயம் பாதிக்கப்பட்டோர்க்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். ஊசி தவறிய மாதங்களிலேயே நோய் மீண்டும் வருவது மிகுதி.

தொண்டை அடைப்பானுக்கு நச்சு முறி மருந்தைத் தாமதமின்றிச் செலுத்துவதே உயிர்காக்கும் சிகிச்சை. சோதனை முடிவுக்குக் காத்திராமல் அறிகுறிகளைக் கொண்டே இது தொடங்கப்படும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

- மூச்சுத் திணறல், அல்லது மூச்சு இழுக்கும்போது ஒலி எழுதல்
- உமிழ்நீரையும் விழுங்க இயலாமல் வழியவிடுதல்
- வாயைத் திறக்க இயலாமை, கழுத்தை அசைக்க இயலாமை
- தொண்டையில் சாம்பல் நிறப் படலம், அல்லது கழுத்து முழுதும் வீக்கம்
- நீர் அருந்தாமை, சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு
- தொண்டை வலி நீங்கிய சில வாரங்களில் மூட்டு வீக்கம், மூச்சிரைப்பு, முக வீக்கம் அல்லது சிறுநீர் நிறம் மாறுதல்

மூச்சுத் திணறும் குழந்தையின் வாயைக் கட்டாயப்படுத்தித் திறந்து பார்த்தல் கூடாது. அதனால் மூச்சு முற்றிலும் அடைபடலாம். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

இவ்விரு நகரங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. விருதுநகர்–செங்கோட்டை இருப்புப்பாதையும் இவற்றின் வழியே செல்கிறது. செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் கடந்தால் கொல்லம் மாவட்டம். நாள்தோறும் மக்கள் இவ்வழியே சென்று வருவதால், கேரளத்தில் பரவும் சிறார் தொற்றுநோய்கள் பற்றி இவ்வட்டாரத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

இப்பகுதி வடகிழக்குப் பருவமழையால் பெரிதும் மழை பெறுகிறது. அக்டோபர் முதல் திசம்பர் வரையான அம்மழைக்காலத்தில் வீடுகளின் கதவும் சன்னலும் அடைபட்டு, சிறுவர்கள் நெருங்கியிருப்பதால் சளி, காய்ச்சல் வகை நோய்கள் எளிதில் பரவுகின்றன. இராஜபாளையம் நூற்பாலைகள் மிகுந்த நகர். பஞ்சுத்தூசியால் வரும் தொண்டைக் கரகரப்பைத் தொற்றுநோயாகக் கருதி நுண்ணுயிர் எதிர்ப்பி உண்பதும், தொற்றுநோயைத் தூசியால் வந்தது எனக் கருதி விட்டுவிடுவதும் தவறாகும். காய்ச்சலும் நெறியும் உள்ளனவா எனப் பார்ப்பதே முதற்படி.

தென் மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் குழந்தை உணவு உண்ண மறுத்தால் தொண்டையில் ஏதோ சிக்கியுள்ளது எனக் கருதித் தொக்கம் எடுப்போரிடம் கொண்டு செல்வதும், உள்நாக்கு இறங்கிவிட்டது எனக் கூறி விரலால் தூக்கி மருந்து தடவுவதும் இன்றும் காணப்படும் வழக்கங்கள். உண்ண மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தொண்டை வலியே. அழற்சியுற்ற தொண்டையில் விரலிடுவதால் புண்ணும் குருதிக்கசிவும் ஏற்படலாம். தொண்டை அடைப்பான் போன்ற நோயாயின் விலைமதிப்பற்ற நேரம் வீணாகும்.

இரு நகரங்களிலும் அரசு மருத்துவமனைகளும், சுற்றுப்புற ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. மாவட்டத் தலைநகரான விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன் உயர் சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையுமே அருகிலிருந்த பெரிய அரசு மருத்துவமனைகளாகும்.

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நடுவண் அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று சிறுவர்களைச் சோதிக்கின்றன. கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் வாதக் காய்ச்சல் சார்ந்த இதய நோயும் உள்ளது. விளையாடும்போது மிகையாக மூச்சிரைக்கும் மாணவரையும், மூட்டு வலியால் அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவரையும் ஆசிரியர் இக்குழுவிடம் காட்டுவது பயன் தரும். அடைப்பிதழ் அறுவை தேவைப்படுவோர்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது.

தடுப்பு

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குத் தடுப்பூசி இதுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், இருமும்போது வாயை மூடுதல், குவளைகளையும் துண்டுகளையும் பகிராதிருத்தல், வகுப்பறைகளில் காற்றோட்டம், காய்ச்சல் உள்ள சிறுவரைப் பள்ளிக்கு அனுப்பாதிருத்தல் ஆகியனவே வழிகள்.

தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி உண்டு. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14ஆவது வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும், 16 முதல் 24 மாதங்களிலும் 5 முதல் 6 வயதிலும் முத்தடுப்பூசியும், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசியும் போடப்படுகின்றன. இவை அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011ஆம் ஆண்டு திசம்பரில் தொடங்கப்பட்டது. பள்ளி வயதுத் தவணைகளே பெரும்பாலும் விடுபடுபவை. குழந்தைப் பருவத்தில் பெற்ற பாதுகாப்பு காலப்போக்கில் குறைவதால் அத்தவணைகள் இன்றியமையாதவை.

வரலாறு

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பெயரை 1874இல் ஆஸ்திரிய அறுவை மருத்துவர் பில்ராத் வழங்கினார். தொண்டை அடைப்பான் பாக்டீரியாவை 1883இல் கிளெப்ஸ் கண்டார். 1884இல் லோஃப்லர் அதனைத் தனியே வளர்த்துக் காட்டினார். பேரிங், கித்தசாத்தோ ஆகியோர் 1890இல் நச்சு முறியைப் பற்றி அறிவித்தனர். இப்பணிக்காகப் பேரிங் 1901ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். அமெரிக்க அறிவியலாளர் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் 1933இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களை ஏ, பி முதலிய பிரிவுகளாக வகைப்படுத்தினார். வாதக் காய்ச்சலைக் கண்டறியும் விதிகளை டக்கெட் ஜோன்ஸ் 1944இல் வகுத்தார். இந்தியா போன்று நோய் மிகுந்த நாடுகளுக்கெனத் தனி அளவுகோல்களுடன் அவை 2015இல் திருத்தப்பட்டன. அமெரிக்கப் படைவீரர்களிடையே செய்யப்பட்டு 1950ஆம் ஆண்டையொட்டி வெளியான ஆய்வுகள், தொண்டை அழற்சிக்குப் பெனிசிலின் கொடுத்தால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம் என நிறுவின. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சிக்கு இன்றும் பெனிசிலின் பரிந்துரைக்கப்படுவதற்கு அவ்வாய்வுகளே அடிப்படையாகும்.